புழுங்கலரிசியும் ஆய்வு நல்கையும்: மலாயாவின் பெரிபெரி ஆய்வு முதல் ஈசூன் வரை

முன்னுரை

சிங்கப்பூரின் வடபகுதியில் அமைந்துள்ள ஈசூன் நகர் ஓர் உணவுத் தொழிலதிபரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இரப்பரிலும் அன்னாசித் தொழிலிலும் பெரும்பொருள் ஈட்டிய லிம் நீ சூன் (1879–1936) அவர்களின் தோட்டங்கள் பரவியிருந்த பகுதி முன்னர் நீ சூன் கிராமம் எனப்பட்டது. பின்னர் அங்குப் புதுநகர் உருவானபோது மாண்டரின் ஒலிப்பை ஒட்டி அப்பெயர் ஈசூன் என மாறிற்று. செம்பவாங் கடற்படைத்தளத்தில் பணியாற்றிய தமிழர், மலையாளிக் குடும்பங்கள் பல பிற்காலத்தில் இந்நகரின் அடுக்குமாடி வீடுகளில் குடியேறின. அத்தளத்துத் தொழிலாளர் வழிபட்ட புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமும் இன்று ஈசூன் தொழிற்பேட்டையிலேயே உள்ளது. 2010ஆம் ஆண்டு முதல் கூ டெக் புவாட் மருத்துவமனை இங்கு இயங்கி வருகிறது. இம்மருத்துவமனைக்கு நீரிழிவுச் சிகிச்சைக்காக வரும் இந்திய முதியோரும், அவர்தம் இல்லங்களில் இட்லிக்கும் சோற்றுக்கும் வாங்கிவைக்கப்பட்டிருக்கும் புழுங்கலரிசி மூட்டையுமே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியவை.

ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இதே புழுங்கலரிசி மலாயாவில் தமிழர் உயிரைக் காத்தது. அவ்வுண்மை ஆய்வின் வழியாகவே நிறுவப்பட்டது. அவ்வாய்வுக்குப் பொருள் தந்தோர் யாவர், அப்பொருள் எந்த வினாவைக் கேட்க வழிவிட்டது, எந்த வினாவை எழவிடாது தடுத்தது என்பனவே நாம் ஈண்டு ஆராய முற்படுவன. இன்று பல்கலைக்கழகமும் தொழில்துறையும் கைகோத்து உணவின் நலப்பயனை ஆராய்வதற்குச் சிங்கப்பூரில் பெருந்தொகை ஒதுக்கப்படுகின்றது. ஆதலின் இது பழங்கதை ஆராய்ச்சி மட்டுமன்று.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. பசியாற்றுவதற்கும் பொதுவான ஊட்டத்திற்கும் அப்பால், உடல்நலத்திற்குக் குறிப்பிட்ட ஒரு பயனை அளிக்கும் உணவினைச் 'செயல்பாட்டு உணவு' எனச் சிலர் எழுதி வருகின்றனர். செயல்படாத உணவு எது என்னும் கேள்வியை அச்சொல் எழுப்புவதால் 'நலப்பயன் உணவு' என்பதையே நாம் கையாள்கிறோம். இக்கருத்து ஜப்பானில் அரசு நல்கையுடன் 1984இல் தொடங்கிய ஆய்வுத்திட்டத்தில் உருப்பெற்றது. 1991இல் அந்நாடு இத்தகைய உணவுகளுக்கெனத் தனி அங்கீகார முறையை வகுத்தது. 1993இல் முதன்முதலாக அங்கீகாரம் பெற்ற பொருள்களுள் ஒன்று, ஒவ்வாமை குறைந்த ஓர் அரிசி வகை என்பது நம் பொருளுக்கு மிக நெருங்கிய செய்தியாகும். நம் கருத்தரங்குகளில் இப்பொருள் வந்தவுடன் 'உணவே மருந்து' என்று ஒரு தொடரைச் சொல்லி அமர்ந்துவிடும் வழக்கம் உண்டு. அத்தொடர் ஆய்வைத் தொடங்கிவைக்க உதவலாம். பல வேளைகளில் அது ஆய்வை முடித்துவைக்கவே பயன்பட்டிருக்கிறது.

தீட்டிய அரிசியும் ஈயச் சுரங்கமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரங்கூனிலும் பாங்காக்கிலும் நீராவி ஆலைகள் பெருகின. தவிடு முற்றும் நீங்கத் தீட்டப்பட்ட வெள்ளையரிசி நெடுநாள் கெடாமல் இருக்கும். கப்பலில் ஏற்றுவதற்கு ஏற்றது. தவிட்டோடு கூடிய அரிசியோ எண்ணெய்ச் சிக்கு ஏறி விரைவில் கெடும். சிங்கப்பூர் அவ்வரிசி வணிகத்தின் பெருஞ்சந்தையாக விளங்கியது. மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்க்கு அவ்வரிசியே நாள்தோறும் உணவாயிற்று. கால்கள் மரத்து, வீங்கி, நடை தளர்ந்து, இறுதியில் நெஞ்சு அடைத்து மாளும் பெரிபெரி நோய் அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த வில்லியம் லியனார்டு பிராடன் இந்நோயின் பரவலில் ஓர் ஒழுங்கினைக் கண்டார். சீனர் மாள்கின்றனர், அதே வட்டாரத்தில் வாழும் தமிழர் பெரும்பாலும் தப்புகின்றனர், கிராமத்து மலாய்க்காரரும் தப்புகின்றனர். மூவரும் உண்பது அரிசியே. ஆயின் சீனர் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர் உண்டது வீட்டில் அவ்வப்போது குத்திய அரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. 1907இல் வெளியான தம் நூலில் பிராடன் இதனை விரிவாக எழுதினார். பழைய பச்சரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்பதே அவர் கொண்ட முடிவு. காரணம் பிழை, கவனிப்பு முற்றிலும் சரி. இல்லாத ஒன்றால் நோய் வரும் என்று எண்ணுவதற்கு அக்கால மருத்துவம் இன்னும் பழகியிருக்கவில்லை. பத்தேவியாவில் கோழிகளைக் கொண்டு 1890களில் ஆய்ந்த எய்க்மானும் தொடக்கத்தில் இதே தடத்தில்தான் சென்றார். குறைவே காரணம் என்பதை அவர்க்குப் பின்வந்த கிரெய்ன்ஸ் 1901இல் எடுத்துரைத்தார்.

நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்திப் பின்னர்க் குத்துவது புழுங்கலரிசி முறை. ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டிலும் முளைப்பகுதியை ஒட்டியும் உள்ள நீரில் கரையும் சத்துகள் அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகின்றன. பின்னர் தவிடு நீக்கப்பட்டாலும் அவற்றுள் ஒரு பகுதி அரிசியிலேயே தங்குகிறது. உமி எளிதில் கழலும், குருணை குறையும் என்பனவே இம்முறையைக் கைக்கொண்ட உழவர் அறிந்த பயன்கள். பெரிபெரியை எண்ணி எவரும் நெல் அவிக்கவில்லை. 'நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர்' என்று முழங்குவதற்கு இங்கு இடமில்லை. ஆயினும் அறியாமலே செய்ததாயினும் செய்தது அவர்களே என்பதை மறுப்பதற்கும் இடமில்லை.

கோலாலம்பூர் மனநல விடுதியும் துரியான் திப்பூசும்

பிராடனின் கருத்தைச் சோதிக்க 1905 டிசம்பரில் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். விடுதியினரை வரிசையில் நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்ணுக்குரியோரை ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்ணுக்குரியோரை மறுபக்கமும் பிரித்தார். ஒரு பிரிவினர்க்குத் தீட்டிய சயாம் அரிசி, மற்றவர்க்குப் புழுங்கலரிசி. ஓராண்டில் பச்சரிசிப் பிரிவில் பலர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் நோய் காணப்பட்டோர் இருவரே. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். இம்முடிவுகள் 1907இல் இலண்டனின் 'லான்செட்' இதழில் வெளிவந்தன.

முறையியல் நோக்கில் இவ்வாய்வு தன் காலத்தை விஞ்சியது. அறவியல் நோக்கிலோ அதனை வாசிக்க மனம் கூசுகிறது. தம்மைப் பற்றிய முடிவைத் தாமே எடுக்க இயலாத மனிதர்கள் அவர்கள். ஒப்புதல் என்னும் சொல்லே அவ்வறிக்கைக்கு அயலானது. இன்று நலப்பயன் உணவுகளை ஆராய்வோர் ஒவ்வொரு தன்னார்வலரிடமும் கையொப்பம் பெறுகின்றனர். அக்கையொப்பத்திற்குப் பின்னால் உள்ள வரலாற்றில் கோலாலம்பூரின் அப்பெயரற்ற மனிதர்களுக்கும் இடமுண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்த கட்டத்தை எடுத்துச் சென்றது 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக்கழகம். அங்குப் பணியாற்றிய ஹென்றி பிரேசரும் ஆம்புரோசு இசுடாண்டனும், ஜெலுபு வட்டாரத்தின் துரியான் திப்பூசில் சாலை அமைக்கச் சென்ற 300 சாவகத் தொழிலாளரை இரு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தனர். வெள்ளையரிசி உண்ட குழுவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றியதும் நின்றது. பின்னர் மற்றக் குழுவுக்கு வெள்ளையரிசி கொடுக்கப்பட்டபோது அங்கும் நோய் தோன்றியது. அவர்கள் அதனோடு நில்லாமல், தவிட்டிலிருந்து சாராயத்தால் பிரித்தெடுத்த சாறு கோழிகளை நோயினின்று காப்பதைக் காட்டினர். அரிசியில் உள்ள பாசுபரசு அளவினை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம் என்றும், பாசுபரசு பென்டாக்சைடு 0.4 விழுக்காட்டிற்குக் குறையாத அரிசி பாதுகாப்பானது என்றும் வரையறுத்தனர். பாசுபரசு நோயைத் தடுப்பதில்லை. தவிடு எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைக் காட்டும் அடையாளம் மட்டுமே அது. எனினும் சாதாரண வேதியியற் கூடத்தில் எவரும் அளக்கத்தக்க ஓர் எண் கிடைத்துவிட்டது. 1910இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவச் சங்கம், தீட்டிய வெள்ளையரிசியை முதன்மை உணவாகத் தொடர்ந்து உண்பதே பெரிபெரியோடு தொடர்புடையது என்று தீர்மானித்தது.

இவ்வாய்வுக்குப் பணம் தந்தது கூட்டு மலாய் மாநிலங்களின் அரசு. அவ்வரசின் வருவாயில் ஈய ஏற்றுமதி வரி பெரும்பங்கு வகித்தது. அதாவது எந்தச் சீனச் சுரங்கத் தொழிலாளர் நோயால் மாண்டனரோ, அவர்தம் உழைப்பிலிருந்து வந்த பணமே அந்நோயின் காரணத்தைக் கண்டது. வணிகர் எவரும் பங்காளியாக இல்லாமையால், சந்தையில் விற்கும் மிகப்பெரிய உணவுப்பொருளே நோய்க்குக் காரணம் என்று அறிவிக்க ஆய்வாளர்க்குத் தடை இருக்கவில்லை. ஆனால் அதே அரசுக்கு அரிசி வணிகமும் வேண்டியிருந்தது. மருத்துவமனை, சிறை, விடுதி ஆகிய தன் நிறுவனங்களில் புழுங்கலரிசியைப் புகுத்தியதோடு அது பெரிதும் அமைந்துவிட்டது. கடைத்தெரு அரிசி வெள்ளையாகவே இருந்தது. புழுங்கலரிசியின் மணம் சீனர்க்குப் பிடிக்கவில்லை என்பதும் உண்மையே; சுவை வேற்றுமையை அறிவுரையால் வெல்வது எளிதன்று. அதன் விலையை 1942இல் மீண்டும் கண்டனர். சிங்கப்பூர் வீழ்ந்தபின் சாங்கி முகாமில் அடைக்கப்பட்ட போர்க்கைதிகளிடையே, தீட்டிய அரிசியே பெரும்பகுதி உணவானபோது, சில மாதங்களில் பெரிபெரி தலைதூக்கியது. நோயின் காரணம் முந்நூறு கிலோமீட்டர் தொலைவில் கண்டறியப்பட்டு அப்போது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

நெல்லூரில் பிறந்தவரும் காப்புரிமைப் பணமும்

கல்விநிலையமும் தொழில்துறையும் சேர்ந்த முதற்பெரும் நல்கை முயற்சி இவ்வரலாற்றின் பின்பகுதியில் வருகிறது. அதன் நாயகர் இராபர்ட் இரன்னல்சு வில்லியம்சு, அந்நாளைய சென்னை மாகாணத்து நெல்லூரில் 1886இல் சமயப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர். (உதகையில் பிறந்த இவர் தம்பி இரோசர் வில்லியம்சும் பின்னாளில் மற்றோர் உயிர்ச்சத்தைக் கண்டறிந்தவர்.) மணிலாவில் வேதியியலாளராக 1910ஆம் ஆண்டளவில் தவிட்டுச் சாற்றைக் கையில் பெற்ற அவர், அதனுள் இருப்பது யாது என்னும் வினாவைக் கால்நூற்றாண்டு விடவில்லை. பகலில் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பணி. மாலையில் பெரும்பாலும் சொந்தச் செலவில் இவ்வாராய்ச்சி. பத்தேவியாவில் ஜான்சனும் தோனாத்தும் 1926இல் அச்சத்தினைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். வில்லியம்சு கார்னகி நல்கையின் துணையோடும், பின்னர் மெர்க் மருந்து நிறுவனத்தின் கூட்டோடும் 1936இல் அதனைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். அதுவே தயமின்.

காப்புரிமையைத் தம் பெயரில் வைத்துக்கொள்ளாமல் ஆய்வுக்கெனவே அமைந்த ஓர் அறநிறுவனத்திடம் ஒப்படைத்தார். அதன் வருவாயிலிருந்து வில்லியம்சு – வாட்டர்மன் நிதியம் தோன்றி, ஊட்டக்குறை நோய்களுக்கு எதிரான ஆய்வுகளுக்குப் பொருள் வழங்கியது. அப்பணிகளுள் தலையாயது 1940களின் இறுதியில் பிலிப்பைன்சின் பத்தான் மாநிலத்தில் நடந்த செறிவூட்டிய அரிசித் திட்டம். பெரிபெரிச் சாவு அங்கு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் நாடு முழுதும் சட்டம் வந்தபோது ஆலைக்காரர் ஒத்துழைக்கவில்லை. கலக்க வாங்கும் ஊட்டக்கலவையின் அளவைக் கொண்டு, தாம் உண்மையில் அரைத்த அரிசி எவ்வளவென வரித்துறை கணக்கிட்டுவிடும் என்று அஞ்சினர். பெரிபெரியின் வரலாற்றை எழுதியோர் இதனை எடுத்துக்காட்டியுள்ளனர். வேதியியல் வென்ற இடத்தில் கணக்கேடு தோற்கடித்தது என்று நாம் மாணவரிடம் கூறுவதுண்டு.

தமிழகத்தில் நிகழ்ந்தவற்றையும் சுருங்கக் காணலாம். குன்னூரில் மெக்காரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம், 1911இல் அமைந்த இந்திய ஆய்வு நிதிச் சங்கத்தின் பொருளால் நடந்தது. அதன் இயக்குநராயிருந்த ஐக்ராய்டு 1940இல் அரிசிச் சிக்கல் பற்றி வெளியிட்ட ஆய்வில், ஆலைப் பச்சரிசி உண்ணும் வட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நிலைகொண்டிருப்பதையும், புழுங்கலரிசி உண்ணும் பகுதிகள் தப்பியதையும் எடுத்துக்காட்டினார். 1960களில் தஞ்சையில் குறுகியகால நெல்வகைகள் பரவிக் குறுவை அறுவடை மழையில் சிக்கியபோது, ஈரநெல்லைக் காக்கும் வழிகளை ஆராயத் திருவாரூரில் கூட்டுறவு நவீன அரிசி ஆலையின் வளாகத்திலேயே ஆய்வுமையம் எழுந்தது. மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வகத்தின் முதல் இயக்குநர் வெ. சுப்பிரமணியன் அதற்கு உயிரூட்டினார். அதுவே தஞ்சாவூரில் இன்று தேசிய நிறுவனமாக வளர்ந்துள்ளது. ஆலையின் முற்றத்தில் பிறந்த ஆய்வு, ஆலைக்காரரின் அன்றாடச் சிக்கலிலிருந்தே தன் வினாவை எடுத்துக்கொண்டது. கூட்டாய்வு எனப்படுவது அதுதான்.

நீரிழிவும் புதிய நல்கைகளும்

காலம் மாறியது, அரிசி மீதான குற்றச்சாட்டும் மாறியது. சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதாரக் கணிப்பின்படி, வயது வந்தோரில் 11.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. சீனரிடையே 9.7, மலாய்க்காரரிடையே 16.6, இந்தியரிடையே 17.2 விழுக்காடு. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவின் மீது போர் தொடுப்பதாக அறிவித்தது. அவ்வாண்டு, நாள்தோறும் கூடுதலாக உண்ணும் ஒவ்வொரு வேளை வெள்ளைச்சோறும் நீரிழிவு வாய்ப்பை 11 விழுக்காடு உயர்த்துகிறது என்னும் செய்தி பரவலாகப் பேசப்பட்டது. அது 2012இல் ஆர்வர்டு ஆய்வாளர் வெளியிட்ட தொகுப்பாய்விலிருந்து எடுக்கப்பட்டது. 3,50,000க்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய அத்தொகுப்பின் தரவுகள் சீனா, ஜப்பான், அமெரிக்கா, ஆசுத்திரேலியா ஆகிய நான்கு நாடுகளுக்கு உரியவை. இந்தியத் தரவு அதில் இல்லை. தமிழர் உண்ணும் புழுங்கலரிசி தனியே ஆராயப்படவும் இல்லை.

அதனால் நாம் தப்பித்தோம் என்று கொள்வதற்கில்லை. 2020இல் வெளிவந்த, சென்னை நீரிழிவு ஆய்வாளர் பங்கேற்ற 21 நாட்டு ஆய்வு, நாளொன்றுக்கு 450 கிராமுக்குக் குறையாமல் வெள்ளைச்சோறு உண்போர்க்கும் 150 கிராமுக்குக் குறைவாக உண்போர்க்கும் உள்ள வேறுபாடு தெற்காசியாவில்தான் மிகுதி எனக் காட்டிற்று. புழுங்கலரிசி இரத்தச் சர்க்கரையைப் பச்சரிசியைவிடச் சற்று மெதுவாக ஏற்றக்கூடும். அதுவும் நெல்வகையையும் அவித்த முறையையும் பொறுத்தது. மேலும் இன்று தேக்கா கடைகளில் கிடைக்கும் புழுங்கலரிசி, அவித்தபின் நவீன ஆலையில் வெண்மை ஏறத் தீட்டப்பட்டது. பாட்டியர் உண்ட அரிசியின் பெயரை அது தாங்கியுள்ளதேயன்றி, அதே பொருளன்று.

இச்சூழலில் எழுந்த நல்கைகள் சிலவற்றைக் குறிப்பிடலாம். 2017இல் சுகாதார மேம்பாட்டு வாரியம், நலமிகு மூலப்பொருள்களை உருவாக்கும் உணவு உற்பத்தியாளர்க்கென 2 கோடி வெள்ளித் திட்டத்தைத் தொடங்கியது. எண்ணெய் வகைகள் அதில் முதலிடம் பெற்றன. 2018இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் வில்மார் நிறுவனமும் தேசிய ஆய்வு அறநிறுவனத்தின் ஆதரவோடு 11 கோடி வெள்ளிக் கூட்டாய்வுக்கூடத்தைத் திறந்தன. நீரிழிவாளர்க்கு ஏற்ற உணவுகள் அதன் குறிக்கோள்களுள் ஒன்று. சமையல் எண்ணெயும் அரிசியும் விற்கும் நிறுவனமே அவற்றை மேம்படுத்தும் ஆய்வில் பங்கேற்பது இயல்பே. அந்நிறுவனத்திடம் ஆலை உண்டு, கடைவரை செல்லும் வழி உண்டு. கோலாலம்பூர் ஆய்வாளர்க்கு இல்லாமற்போனவை இவைதாம். அதே வேளையில், ஓர் உணவை எவ்வாறு மேம்படுத்துவது என்னும் வினாவுக்கு இவ்வமைப்பு பொருத்தமானது. அவ்வுணவைக் குறைத்து உண்ண வேண்டுமா என்னும் வினாவுக்குப் பொருத்தமானதன்று. பிராடன் கேட்டது இரண்டாம் வகை வினா. அதற்கெனத் தனியே பொதுப்பணம் ஒதுக்கப்படுதல் வேண்டும் என்பதே நம் கருத்து.

மூன்றாவதாக ஒரு வினா உண்டு; அது நம் துறைக்குரியது. ஈசூனில் வாழும் மூதாட்டியர் சிலரிடம் நெல் அவிக்கும் முறையைப் பற்றி நாம் கேட்டறிந்தோம். தஞ்சை மாவட்டத்திலிருந்து மணமாகி வந்த ஒருவர், "நெல்லு வாய் பிளக்கணும் தம்பி, அப்பத்தான் எறக்கணும், அதுக்கு மேல விட்டா சோறு கொழஞ்சிடும்" என்றார். ஒருமுறை அவித்தது, இருமுறை அவித்தது, ஊறல் நாற்றம் ஏறியது, வெயில் கூடிப்போய் உடைந்தது என ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் சொன்னார். ஆய்வுக்கூடத்தார் வெப்பம், நேரம், ஈரப்பதம் என மூன்று எண்களால் குறிப்பதை அவர் கண்ணாலும் மூக்காலும் குறித்தார். சித்த மருத்துவ நூலான பதார்த்த குணசிந்தாமணி அரிசி வகைகளின் குணங்களை வகுத்துரைக்கிறது. நெல்லை அவித்தவர் சொற்களோ அந்நூலுக்கும் வெளியே, வாய்மொழியில்தான் வாழ்கின்றன. இச்சொற்கள் தெரியாத ஆய்வாளர், எந்த அவிப்பு முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதையே அறியாதவராகிறார்.

இச்சொற்களைத் தொகுக்கச் சிறுதொகை வேண்டி நாம் ஓர் அமைப்பிடம் விண்ணப்பித்தோம். பணிவான மறுமொழி வந்தது. படிவத்தின் நான்காம் பக்கத்தில் 'தொழில்துறைப் பங்காளி' என்னும் கட்டம் நிரப்பப்படவில்லையாம். அவ்வம்மையாரிடம் இதைச் சொன்னபோது, "எம்பேரப் போட்டுக்கங்க" என்று சிரித்தார். மறுமுறை விண்ணப்பித்தபோதும் அக்கட்டத்தை வெற்றாகவே விட்டு, அவர் கூறிய சொற்பட்டியலைப் பின்னிணைப்பாகச் சேர்த்து அனுப்பியுள்ளோம்.